மலைநாட்டுக் குதிரையைத் திருகோணமலைக்குக் கொண்டுவருகிறீர்களா? முதல் 2 மாதம் இப்படிப் போகும்

பேருந்து நிலையத்தடியில் மான் படுத்துக் கிடக்கிற ஊர் எங்களுடையது. ஆனாலும் ஒரு குதிரையை லொறியிலிருந்து இறக்கினால் ஒழுங்கை முழுக்க வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும். "பந்தயத்துக்கோ?", "கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவீங்களோ?" என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை என்றால் பிறகு எதற்கு என்று ஒரு பார்வை பார்ப்பார்கள், அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. என்னுடையவள் பெயர் சிவப்பி. நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து, வயதேறி, முன்னங்கால் நொண்டத் தொடங்கியதும் தெருவில் விடப்பட்ட மட்டக்குதிரை. அவள் வந்த முதல் மாதத்தில் நான் செய்த பிழைகள் பலவும் பாசத்தால் செய்தவை, அதில் ஒன்று அவளைச் சாகடித்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கே கிடைக்கும், எதைத் தொடக்கூடாது

இலங்கையில் கைவிடப்பட்ட குதிரை என்றால் பெரும்பாலும் நுவரெலியாதான். ஏப்ரல் வசந்த காலத்தில் ஓட்டமாய் ஓடி உழைக்கும், சனம் குறைந்த மாதங்களில் சில குதிரைகள் நகரத்துக்குள் குப்பை மேய்ந்துகொண்டு திரியும். நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்து காட்டுத்தனமாகவே திரிகிறவை அவை. கோடையில் தண்ணீருக்குத் தவிக்கின்றன என்று செய்தி வரும்போது ஒன்றைக் கொண்டுவரலாமே என்று மனம் சொல்லும். வேண்டாம். அவை அந்தத் தீவின் சொத்து, உங்களுக்கு அவற்றைப் பிடிக்கவும் தெரியாது.

தெருவில் திரிகிற குதிரைக்கும் அநேகமாக ஒரு சொந்தக்காரர் இருப்பார், நீங்கள் ஏற்றிய பிறகு வந்து நிற்பார். விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுத்தில் வாங்குங்கள், புறப்படும் இடத்துக் கால்நடை வைத்தியரிடம் உடல்நலக் கடிதமும் வாங்குங்கள். வழியில் வேறு என்ன அனுமதிப் பத்திரம் காட்டவேண்டி வரும் என்று அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கண்ணெதிரே அடித்து வதைக்கிறார்கள் என்றால் நீங்களாக அவிழ்த்துக்கொண்டு வராமல் பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள், மிருகவதைத் தடுப்புக்கு 1907ஆம் ஆண்டிலிருந்தே நாட்டில் சட்டம் இருக்கிறது.

புதியவர் என்றால் காயடிக்காத ஆண் குதிரை எடுக்கவேண்டாம், இதில் நான் பேரம் பேசமாட்டேன். பெண் என்றால் வயிற்றில் குட்டி இருக்கிறதா என்று வைத்தியரைப் பார்க்கச் சொல்லுங்கள். குதிரைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம், எலும்பும் தோலுமாக வந்தவள் ஒருநாள் விடியக் குட்டியோடு நிற்பாள்.

மாதம் பார்த்துக் கொண்டுவாருங்கள்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரம். அந்தக் குளிருக்கு ஏற்ற சடைமயிரோடு ஒரு குதிரை மே, ஜூனில் கச்சான் காற்று அனலடிக்கும்போது எங்கள் உப்புவெளிக் கடற்கரையில் இறங்கினால் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். ஒக்டோபரிலிருந்து மாரி பிடித்துவிட்டால் வளவெல்லாம் சேறு, குளம்பு அழுகும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரைக்கும்தான் எங்கள் பக்கத்துக்குத் தோதான காலம். நான் கொண்டுவந்தது ஜனவரியில், தைப்பொங்கலுக்கு முதல் நாள். மாதம் சரி, நாள் பிழை. அந்தக் கதை பிறகு வருகிறது.

குதிரை வருவதற்கு முன் வளவு தயாராகட்டும்

முட்கம்பியை முதலில் பாருங்கள். மாடு முட்கம்பியில் பட்டால் பின்வாங்கும், குதிரை பயந்தால் கம்பியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும், கால் தோல் உரிந்து தொங்கும். பனஞ்சலாகையோ தென்னஞ்சலாகையோ அடித்து நாலரை அடி உயரத்துக்கு வேலி போடுங்கள். வசதியில்லையென்றால் கம்பி நெடுக வெள்ளைத் துணி கட்டுங்கள், கண்ணுக்காவது தெரியும். உடைந்த தகரம், ஆணி, மீன்வலைத் துண்டு, பொலித்தீன் எல்லாவற்றையும் ஒரு சாக்கோடு போய்ப் பொறுக்குங்கள். எனக்கு 3 சாக்கு நிரம்பியது, சுத்தமான வளவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது மரம் செடி. அலரி எல்லார் வாசலிலும் சாமிப் பூவுக்கு நிற்கும், அதன் இலை கொஞ்சம் போதும் குதிரையின் இதயத்தை நிறுத்த. காய்ந்த சருகும் அப்படியே நஞ்சு, ஆகவே வெட்டிப் போட்டால் மட்டும் போதாது, கூட்டி அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். பொன்னலரியும் ஆமணக்கும் அதே பட்டியல். ஆட்டுக்குப் போடுகிற இப்பில் இப்பில் இலையைத் தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால்மயிரும் கொட்டும். சீமைக்கிளுவை வேலியிலும் வாய்வைக்க விடாதீர்கள்.

கொட்டிலுக்கு மட்டக்குதிரை என்றால் 10 அடிக்கு 10 அடி, பெரிய குதிரைக்கு 12க்கு 12. கூரைக்குத் தகரம் போடாதீர்கள், கிடுகு வேயுங்கள். சுவர் வேண்டியதில்லை, காற்று நாலு பக்கமும் ஓடட்டும், மாரிக்கு மட்டும் வாடைக்காற்று அடிக்கிற பக்கத்தில் ஒரு மறைப்பு. தரையை ஒரு முழம் உயர்த்திப் போட்டால் டிசம்பரில் என்னை நினைப்பீர்கள்.

பயணம்

நுவரெலியாவிலிருந்து கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறத்தாழ 250 கிலோமீற்றர். வெயிலுக்குப் பயந்து முழு இரவும் ஓட்டலாம் என்று தோன்றும், ஆனால் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் இரவில் யானை றோட்டில் நிற்கும். நாங்கள் நள்ளிரவில் புறப்பட்டு, விடியும்போது ஹபரணையைப் பிடித்து, 10 மணிக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தோம். லொறித் தட்டில் மணல் பரப்பி மேலே தும்புப் பாய் போடுங்கள், இரும்புத் தட்டில் குளம்பு வழுக்கும். தலைக்கயிற்றை இறுக்கிக் கட்டவேண்டாம், தலையைத் தாழ்த்தித் தும்மவும் மூச்சுவிடவும் நீளம் இருக்கவேண்டும், மணிக்கணக்காகத் தலையைத் தூக்கியபடியே நிற்கிற குதிரைக்கு நுரையீரலில் சளி பிடிக்கும். இழுத்தால் அவிழ்கிற சுருக்காகப் போடுங்கள். 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விசயம்: அங்கத்தைய தண்ணீரில் 4, 5 கான் கொண்டுவாருங்கள். கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பாக இருக்கும், மலைத் தண்ணீர் குடித்த குதிரை மோந்துபார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சிவப்பி அப்படித்தான், வாளிக்குள் மூக்கை விட்டு, மேலுதட்டைச் சுருட்டி, என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். இரண்டு தண்ணீரையும் கலந்து, நாளுக்கு நாள் எங்கள் கிணற்றின் பங்கைக் கூட்டினேன். தண்ணீர் குறைந்தால் குடல் இறுகும், அது விளையாட்டல்ல. மட்டக்குதிரைக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றருக்குக் குறையாமல் போகும், பெரிய குதிரைக்கு 25 முதல் 40 வரை, கச்சான் காலத்தில் அதற்கும் மேலே.

முதல் 10 நாள்: தீன்

இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள்.

பட்டினி கிடந்த குதிரையைக் கண்டதும் நிறையப் போடத்தான் கை போகும். உடம்பு மாதக்கணக்காகத் தன் தசையைத் தின்று பிழைத்திருக்கும்போது திடீரென்று மாச்சத்தும் இனிப்பும் உள்ளே போனால் இன்சுலின் ஏறும், இரத்தத்தில் இருக்கிற பொஸ்பரசும் பொட்டாசியமும் மக்னீசியமும் கலங்களுக்குள் இழுபட்டுவிடும், இதயமும் மூச்சும் தடுமாறும். நல்லாகத் தின்ற குதிரை 3ஆம், 5ஆம் நாளில் விழுந்து சாவது இதனால்தான்.

தைப்பொங்கல் அன்று பக்கத்து வீட்டு அக்கா ஒரு பெரிய சட்டி சர்க்கரைப் பொங்கலோடு வந்தா. "பாவம் பிள்ளை, நெஞ்செலும்பெல்லாம் எண்ணலாம்" என்றா. நான் தடுக்கவில்லை, உண்மையைச் சொன்னால் எனக்கும் கண் கலங்கியிருந்தது. சிவப்பி சட்டியை நக்கித் துடைத்தாள். இரவு 8 மணிக்கு முன்னங்காலால் மண்ணைப் பறித்தாள், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், படுத்தாள், எழும்பினாள், திரும்பப் படுத்தாள். வைத்தியர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர 11 மணி. மூக்குக்குள்ளால் குழாய் விட்டு வயிற்றைக் கழுவி, ஊசி போட்டு, விடியும்வரை ரோச் லைற்றோடு எங்களோடு இருந்தார். போகும்போது ஒரே ஒரு வார்த்தைதான்: "புல்லு."

அளவு எப்படி என்றால், முதலில் எடை தெரியவேண்டும். தராசு தேவையில்லை, தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் பிரியுங்கள், எல்லாம் சென்ரிமீற்றரில். சிவப்பிக்குச் சுற்றளவு 140, நீளம் 125, வந்தது 206 கிலோ. பூச்சி மருந்தும் இந்த எடையை வைத்துத்தான், ஆகவே குத்துமதிப்பு வேண்டாம்.

நலமான குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் 100க்கு 2 பங்கு அளவு காய்ந்த தீன் தின்னும். 200 கிலோவுக்கு 4 கிலோ காய்ந்த புல், பச்சைப்புல் என்றால் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் 20 கிலோ. மிக மெலிந்ததுக்கு அங்கே போகவே கூடாது. எங்கள் வைத்தியர் தந்த கணக்குப்படி முதல் 3 நாளும் நாளுக்கு 6 கிலோ பச்சைப்புல், அதையும் 4 மணித்தியாலத்துக்கு ஒரு பிடியாக 6 தரம், இரவிலும் எழும்ப வேண்டும். 4ஆம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 10ஆம் நாளில் 13 கிலோ, அதற்குப் பிறகுதான் முழு அளவு. உங்கள் குதிரையின் கணக்கை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள், ஆனால் எவரும் முதல் 2 கிழமைக்குச் சோறு, சோளம், பாண், வெல்லம், வாழைப்பழச் சீப்பு என்று எதுவும் போடச் சொல்லமாட்டார். வேலியில் ஒரு அட்டை தொங்கவிட்டேன்: "தயவுசெய்து ஒன்றும் கொடுக்காதீர்கள்." அக்கா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

புல் என்று கண்டதையும் வெட்டிப் போடுகிற விசயத்தில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே இலகுவாகக் கிடைப்பது கினியாப் புல்லும் மாட்டுக்காக நடுகிற சீ.ஓ. 3 புல்லும். இரண்டிலும் ஒக்சலேற்று உண்டு, அது சுண்ணாம்புச் சத்தை உடம்புக்குச் சேரவிடாது. கூடவே அரிசித் தவிடு வைத்தால் தவிட்டின் பொஸ்பரசு இன்னும் கெடுக்கும். மாதக்கணக்கில் இப்படியே போனால் முகத்தெலும்பு இரண்டு பக்கமும் வீங்கி, கால் நொண்டும். ஆகவே கடற்கரை அறுகு, வயல்வரம்புப் புல் என்று கலந்து போடுங்கள், தவிட்டை மறந்துவிடுங்கள், சுண்ணாம்புக்கல் மாவு எவ்வளவு சேர்க்கலாம் என்று வைத்தியரைக் கேளுங்கள். தம்பலகாமத்தில் வைக்கோல் மலிவு, வயிறு நிரப்பும், சத்து இல்லை. பல் தேய்ந்த கிழட்டுக் குதிரைக்குக் குடலில் கட்டியாக அடைக்கும், மாரியில் பூஞ்சணம் பிடித்ததைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். கடையில் விற்கிற மாட்டுத்தீன், கோழித்தீன் பைகளும் வேண்டாம், சிலவற்றில் கலக்கிற மொனென்சின் மாட்டுக்கு மருந்து, குதிரைக்கு விஷம்.

மணல். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் இருப்பவர்களுக்கு இது தனி. நிலத்தில் போட்ட புல்லைத் தின்றால் புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலின் அடியில் தேங்கும். பழைய லொறி ரயரைப் பாதியாக வெட்டித் தொட்டியாக்குங்கள், கீழே ஒரு றப்பர் பாய். கிழமைக்கு ஒருதரம் 5, 6 இலத்தி உருண்டையைக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தினமும் பார்க்கவேண்டியவை

கொட்டில் தூணில் கரியால் எழுதிவைத்திருக்கிறேன்: நிமிடத்துக்கு நாடி 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடம்புச் சூடு 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரை. நாடியைத் தாடையெலும்பின் உட்பக்க விளிம்பில் ஓடுகிற இரத்தக்குழாயில் விரல்வைத்துப் பிடிக்கலாம், மூச்சை விலாவைப் பார்த்து எண்ணலாம். பல்முரசை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 செக்கனுக்குள் சிவக்க வேண்டும். மட்டக்குதிரைக்கு எண் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அமைதியாய் நிற்கும் நாளில் உங்கள் குதிரைக்கு எவ்வளவு என்று எழுதிவைத்தால் சுகமில்லாத நாளில் ஒப்பிடலாம். இலத்தி போடுவது நின்றால், தீனைத் தொடாவிட்டால், படுத்தெழும்பிக்கொண்டே இருந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மலையிலிருந்து வந்த சில குதிரைக்கு எங்கள் வெக்கையில் வியர்ப்பது நின்றுவிடும். வெயிலில் நின்ற குதிரையின் தோல் உலர்ந்து, மூச்சு மட்டும் வேகமாக இருந்தால் அதுதான். நிழலுக்குள் கொண்டுபோய் உடம்பு முழுக்கக் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுங்கள், மூச்சு இறங்கும்வரை ஊற்றுங்கள். சடைமயிர் உதிராவிட்டால் கத்தரித்துவிடலாம். உப்பு ஒரு கட்டி எப்போதும் தொட்டியில் கிடக்கட்டும்.

வீட்டில் வேறு குதிரையோ கழுதையோ இருந்தால் குறைந்தது 3 கிழமைக்கு வேறு வாளி, வேறு கயிறு, வேறு கொட்டில். தாடைக்கடியில் வீங்கி மூக்கால் சீழ் வடிகிற நோய் அப்படித்தான் பரவும். ஏற்பு வலியும் விசர்நாய் நோயும் குதிரைக்கு வரும், ஊசி விசயத்தை முதல் வருகையிலேயே வைத்தியரிடம் கேளுங்கள். எங்கள் ஊரில் குதிரை பார்த்த அனுபவமுள்ளவர் கிடைப்பது கஷ்டம், சிக்கலானால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தோடு அவர் கதைக்க வேண்டிவரும். பூச்சி மருந்து உடனே வேண்டாம், இலத்தியைச் சோதித்த பிறகு கொடுக்கட்டும், மெலிந்த குதிரையின் குடலில் புழுக்கள் ஒரேயடியாகச் செத்தால் அதுவும் ஆபத்து. பல் அராவ வருடத்துக்கு ஒருதரம், குளம்பு சீவ 6 முதல் 8 கிழமைக்கு ஒருதரம். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரைக் கூப்பிடாதீர்கள், குதிரைக் குளம்பு வேறு. குளம்பைத் தினமும் கிளறித் துப்புரவாக்குங்கள், நடுவிலிருக்கிற முக்கோண மெத்தை மணந்தால் அழுகல் தொடங்கிவிட்டது.

சாது என்று நம்பாதீர்கள்

முதல் 2, 3 கிழமை சிவப்பி தங்கம். எங்கே தொட்டாலும் நிற்பாள், பிள்ளைகள் வாலைப் பிடித்தாலும் பேசாமல் நிற்பாள். "என்ன சாது!" என்று நானும் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். அது சாதுத்தனம் இல்லை, உடம்பில் தெம்பு இல்லை. 5ஆம் கிழமை வயிறு நிறைந்ததும் வாளியோடு போன என் தம்பியின் தோளைக் கடித்தாள், அடுத்த நாள் பின்னங்காலைத் தூக்கினாள். பழைய அடி, பழைய பயம், பழைய பிடிவாதம் எல்லாம் தெம்போடு சேர்ந்துதான் வெளியே வரும். எடுத்தவர்கள் பலர் "மாறிப்போச்சு" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது இந்தக் கட்டத்தில்தான்.

அதனால் சாதுவாக இருக்கும்போதே ஒழுங்கைப் பழக்குங்கள். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது, தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டு போங்கள். நான் தினமும் பின்னேரம் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்து பேப்பர் வாசித்தேன், கூப்பிடவும் இல்லை தொடவும் இல்லை. 9ஆம் நாளோ 10ஆம் நாளோ அவளாக வந்து பேப்பரை மோந்து ஓரத்தைக் கடித்தாள். கையில் தின்னக் கொடுத்துப் பழக்காதீர்கள், பிறகு கையையே தின்னத் தேடும், கரட் என்றாலும் தொட்டியில் போடுங்கள். மாட்டைப் போல முளையில் நீளக் கயிற்றில் கட்டிவிட்டுப் போகவேண்டாம், காலில் சுற்றிக்கொண்டு விழுந்தால் கால் போகும்.

தனியாக நிற்கிற குதிரைக்குப் பயம் தீராது. இன்னொரு குதிரைக்கு வழியில்லாமல் ஒரு மறியாடு விட்டேன், இரண்டும் இப்போது ஒரே நிழலில் நிற்கின்றன, ஆட்டை மேய்ச்சலுக்குக் கொண்டுபோனால் இவள் கனைத்து ஊரைக் கூட்டுவாள். பட்டாசு, ஒலிபெருக்கிக்கு மெதுவாகத்தான் பழக்க முடியும், கோயில் திருவிழா இரவில் நான் கொட்டிலிலேயே பாய் போட்டுப் படுத்தேன்.

சவாரியா? மெலிந்த குதிரைக்குச் சதை பிடிக்க 6 மாதத்துக்கு மேல் போகும். 1983இல் ஹென்னெக்கே என்பவர் போட்ட 1 முதல் 9 வரையான ஒரு அளவு இருக்கிறது, விலா, முதுகு, வால்மூட்டைத் தடவிப் பார்த்து எண் போடுவது. விலா கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் தட்டுப்படுகிற 5க்கு வந்தால்தான் சேணத்தைப் பற்றிக் கதையுங்கள். சிவப்பியின் கால் அதற்கும் இடம் கொடுக்காது, அவள் சும்மா நிற்பாள், எனக்குச் சரி.

குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுக்கவேண்டும், பயமிருக்கிற இடத்தில் படுக்காது. முதல் மாதம் விடிய எழும்பிப் போய்ப் பார்த்தால் சிவப்பியின் உடம்பு துப்புரவாக இருக்கும். 7ஆம் கிழமை ஒருநாள் இடது விலாவிலும் கன்னத்திலும் மணல் ஒட்டியிருந்தது, பிடரிக்குள் வைக்கோல் துரும்பு. வயிற்றுவலியில் உருண்டிருப்பாளோ என்று நெஞ்சு திக்கென்றது. எப்படித் தெரியும் என்றால், சுகமாகப் படுத்த குதிரை எழும்பியதும் நாய் மாதிரி உடம்பை உலுப்பும், வலியில் உருண்டது உலுப்பாமல் திரும்பவும் படுக்கப் பார்க்கும். நாடி பார்த்தேன், 40. இலத்தி இரண்டு இடத்தில் கிடந்தது. என் முன்னாலேயே ஒருதரம் உலுப்பினாள், மணல் முழுக்க என் தேத்தண்ணிக்குள்.